மாடும் பறவையும் ஒரே நிலத்தில்: அமெரிக்க மேற்கின் கூட்டு மேய்ச்சல் திட்டங்கள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மாட்டுப் பண்ணை வேலிகளின் மேல் கம்பியில், சில இடங்களில் மட்டும், விரல் நீள வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். அவை சேஜ் கிரவுஸ் என்ற பறவைக்காக மாட்டப்பட்டவை. கோழி வகையைச் சேர்ந்த, உடல் கனத்த பறவை அது. இளவேனில் வந்ததும் சேவல்கள் விடியலுக்கு முன்பே ஒரு திறந்தவெளியில் கூடி, மார்பிலுள்ள காற்றுப் பைகளை உப்பவைத்து, வால் இறகுகளை விரித்து ஆடும். பெட்டைகள் வந்து பார்த்துத் துணை தேர்ந்துகொள்ளும். ஆண்டுதோறும் அதே இடம்தான். இருள் பிரியாத நேரத்தில் தாழப் பறந்துவரும் பறவைக்கு முள்கம்பி கண்ணில் படுவதில்லை, மோதிச் செத்துவிடும். ஐடஹோ மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வில், துண்டுகள் மாட்டிய வேலிகளில் இந்த மோதல்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன.

ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டை மாட்ட எத்தனை பேர் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். நிலம் மத்திய அரசுடையது. அதில் மாடு மேய்ப்பவர் பண்ணையாளர். வேலியைப் பராமரிப்பதும் பெரும்பாலும் அவரே. பறவை மாநில வனவுயிர்த் துறையின் பொறுப்பு. எந்த வேலி ஆபத்தானது என்று கணக்கிட்டுச் சொல்பவர்கள் ஆய்வாளர்கள். இவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு குறிப்பிட்ட நிலத்தில் மாடு எப்போது, எவ்வளவு, எங்கே மேயலாம், அங்கே வாழும் காட்டுயிர்களுக்கு என்ன தேவை என்பதை ஒரே ஆவணத்தில் எழுதிக்கொள்வதே கூட்டுப் பாதுகாப்புத் திட்டம். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. இந்த நிலைக்கு வந்துசேர அந்த நாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

யாருடைய நிலம், யாருடைய புல்?

அமெரிக்காவில் நில மேலாண்மைப் பணியகம் என்ற மத்திய அரசு அமைப்பு சுமார் 24.5 கோடி ஏக்கர் நிலத்தை நிர்வகிக்கிறது. அதில் சுமார் 15.5 கோடி ஏக்கர் கால்நடை மேய்ச்சலுக்குத் திறந்திருக்கிறது. இது தவிர வனத்துறை நிலங்களிலும் மேய்ச்சல் நடக்கிறது. நெவாடா, ஆரெகன், ஐடஹோ, வயோமிங், யூட்டா போன்ற மாநிலங்களில் பல மைல் காரில் போனாலும் கண்ணுக்குத் தெரிவது சாம்பல் பச்சை நிறச் சேஜ் புதர்க்காடும் இடையிடையே புல்லும்தான். வறண்ட பூமி. உழுது பயிரிட முடியாததாலேயே யாரும் சொந்தம் கொண்டாடாமல் அரசின் கையில் தங்கிப்போன நிலம் இது.

1934 வரை இந்த நிலத்தில் மேய்ச்சலுக்கு ஒழுங்கான விதி எதுவும் இல்லை. முதலில் மந்தையை ஓட்டிவந்தவருக்கே புல். இன்று விட்டுவைத்தால் நாளை இன்னொருவரின் ஆடு மேய்ந்துவிடும் என்ற நிலையில் யார்தான் விட்டுவைப்பார்கள்? புல் வேர் வரை மேயப்பட்டது, மண் காற்றில் பறந்தது. அந்த ஆண்டில் வந்த டெய்லர் மேய்ச்சல் சட்டம் நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தது. இன்று அந்தப் பணியகத்தின் கீழ் சுமார் 18,000 மேய்ச்சல் அனுமதிகளும் குத்தகைகளும் இருக்கின்றன. பெரும்பாலானவை பத்தாண்டுகளுக்கானவை. ஒரு தாய்ப்பசுவும் அதன் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்கான தீவனத்தை ஓர் அலகாக வைத்துக் கட்டணம் வசூலிக்கிறார்கள். அது பல ஆண்டுகள் அரசாணை அனுமதிக்கும் மிகக் குறைந்த தொகையான 1.35 டாலரிலேயே நின்றது. இதே அளவு மேய்ச்சலுக்குத் தனியார் நிலத்தில் 20 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த வேறுபாட்டைச் சுற்றி ஒரு தீராத வாதம் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பிறகு 1970களில் சட்டத்தின் நோக்கம் விரிந்தது. 1973இல் அருகிவரும் உயிரினங்களுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் வந்த இன்னொரு சட்டம், இந்த நிலம் மேய்ச்சலுக்கு மட்டுமன்றி வனவுயிர், நீர், பொழுதுபோக்கு, கனிமம் என்று பல பயன்களுக்கும் உரியது என்று சொன்னது. மூன்று தலைமுறையாக அதே மேட்டில் மாடு மேய்த்த குடும்பத்துக்கு இது தங்கள் வாழ்வின் மீது கைவைப்பதாகப்பட்டது. ஓடைகள் சேறாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த இயற்கை ஆர்வலர்களுக்கோ, கடைசியில் ஒரு பிடி கிடைத்தது. அடுத்த இருபது ஆண்டுகள் பெரும்பாலும் நீதிமன்றங்களில் கழிந்தன.

தண்ணீர் ஒரு பக்கம், புதர்க்காடு ஒரு பக்கம்

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். என் பார்வையில், கூட்டுத் திட்டம் ஏன் தவிர்க்க முடியாதது என்பதற்கான காரணம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி ஒரு குடும்பம் 160 ஏக்கர் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். வறண்ட மேற்கில் குடியேறியவர்கள் எந்த 160 ஏக்கரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்? ஓடைக்கரையையும் ஊற்றுக்கண்ணையும் ஈரமான பள்ளத்தையும்தான். மீதியிருந்த மேட்டுநிலம் அரசிடம் தங்கியது. அதனால் இன்றும் அங்கே தண்ணீர் பெரும்பாலும் தனியார் கையிலும், புதர்க்காடு அரசின் கையிலும் இருக்கின்றன.

சேஜ் கிரவுஸுக்கோ இரண்டும் வேண்டும். குளிர்காலம் முழுவதும் அது உயிர்வாழ்வது சேஜ் இலையைத் தின்று. கூடு கட்டுவதும் சேஜ் புதரடியில்தான். சுற்றிலும் புல் மறைவு இருந்தால்தான் முட்டை தப்பும். ஆனால் கோடையின் பிற்பகுதியில் மேட்டுநிலம் காய்ந்ததும், தாய்ப்பறவை குஞ்சுகளை ஈரப் புல்வெளிக்கு அழைத்துச்செல்ல வேண்டும். பச்சை இலைகளும் பூச்சிகளும் அப்போது அங்கேதான் கிடைக்கும். ஆரெகன், கலிபோர்னியா, வடமேற்கு நெவாடா பகுதிகளைச் செயற்கைக்கோள் படங்கள் கொண்டு ஆராய்ந்தபோது, இத்தகைய ஈர நிலங்களில் ஐந்தில் நான்கு பங்கு தனியாரிடம் இருப்பது தெரியவந்தது. அந்தத் தனியாரில் பெரும்பாலோர் மாட்டுப் பண்ணையாளர்கள்.

ஆக, அரசு தன் நிலத்தில் ஒரு மாடுகூட இல்லாமல் செய்தாலும் பறவை பிழைத்துவிடாது. மேய்ச்சல் அனுமதி பறிபோன பண்ணையாளர் நொடித்துப்போய் ஓடையோர நிலத்தை வீட்டுமனைக்காரரிடம் விற்றுவிட்டால், குஞ்சுகளின் கோடைப் புகலிடம் போய்விடும். மறுபுறம், பண்ணையாளரும் தன் சொந்த நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மந்தையைக் காப்பாற்ற முடியாது. ஆண்டில் பல மாதங்கள் அவர் மாடுகள் அரசு நிலத்தில்தான் மேய்கின்றன. ஒருவர் மற்றவரை ஒழித்துவிட்டுத் தான் மட்டும் வாழ வழியில்லாதபடி நிலமே அவர்களைக் கட்டிப்போட்டிருக்கிறது.

ஒரு மலை, ஒரு மீன், மூன்று கோடை

இந்த முறை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஆரெகனின் தென்கிழக்கு மூலையிலுள்ள டிரவுட் கிரீக் மலைகளைச் சொல்வேன். அங்கே ஓடைகளில் லாஹோன்டன் கட்த்ரோட் டிரவுட் என்ற அரிய மீன் வாழ்கிறது. 1980களில் அந்த ஓடைக்கரைகள் மிக மோசமான நிலையில் இருந்தன. கோடை முழுவதும் மாடுகள் தண்ணீரை ஒட்டியே நின்றதால், வில்லோ மரக்கன்றுகள் தலையெடுக்க முடியவில்லை. நிழல் போனது, கரை சரிந்தது, ஓடை அகன்று ஆழம் குறைந்தது, தண்ணீர் சூடேறியது. இந்த மீனுக்கோ குளிர்ந்த நீர் வேண்டும்.

வழக்குப் போட்டால் பண்ணையாளர்கள் வெளியேற்றப்படும் நிலை. 1988இல் பண்ணையாளர்கள், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர், அரசு அதிகாரிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு குழுவாக உட்கார்ந்தார்கள். அங்கே வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. அங்கிருந்த பெரிய பண்ணை ஒன்று, 1989 தொடங்கி மூன்று ஆண்டுகள் மலைமேல் மாடு விடுவதில்லை என்று தானாக முன்வந்து ஒத்துக்கொண்டது. பிறகு 1992இல் புதிய மேய்ச்சல் திட்டம் வந்தபோது, மலைக்கு அனுப்பும் மாடுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. நான்கு மாதமாக இருந்த மலை மேய்ச்சல் இரண்டு மாதமானது.

அந்த இரண்டு மாதம் எது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் மேட்டிலும் புல் பசுமையாக இருக்கும். வெயிலும் கடுமையாக இராது. மாடுகள் பரவி மேயும், ஓடையை ஒட்டி நிற்காது. வெயில் ஏறி மேட்டுப்புல் காய்ந்த பிறகுதான் அவை பள்ளத்துக்கு இறங்கி, புல் தீர்ந்ததும் வில்லோவைக் கடிக்கத் தொடங்கும். அதற்கு முன்பே மந்தையை மலையிலிருந்து இறக்கிவிட்டால், ஓடைக்கரைச் செடிகளுக்கு மிச்சமிருக்கும் கோடை முழுவதும் தழைத்து வளர நேரம் கிடைக்கும். அடுத்த வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வரும்போது அந்த வேர்கள் கரையைப் பிடித்துக்கொள்ளும், வண்டல் படியும், ஓடை மறுபடி குறுகி ஆழமாகும். டிரவுட் கிரீக்கில் இதுதான் நடந்தது. வில்லோக்கள் திரும்பின.

மேய்ச்சல் நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கும்போது நமக்கு விடை கிடைப்பதே இல்லை. எந்தப் புல், எந்த மாதம், எத்தனை நாள், அதற்குப் பிறகு எத்தனை நாள் ஓய்வு என்று கேட்டால்தான் அது பதில் சொல்லக்கூடிய கேள்வியாகிறது.

திட்டத்துக்குள் என்ன இருக்கும்?

முதலில், எல்லோரும் சேர்ந்து நிலத்தை நடந்து பார்ப்பது. அலுவலகத்தில் உட்கார்ந்து வாதிடும்போது ஒருவர் சொல்லும் ‘நல்ல நிலம்’ வேறு, இன்னொருவர் சொல்லும் ‘நல்ல நிலம்’ வேறு. ஓடைக்கரையில் நின்று, இதோ இந்தக் கரை, இதோ இந்தப் புல் என்று கைகாட்டிப் பேசும்போது சண்டையின் பாதி கரைந்துவிடும். அங்கே சில இடங்களைக் குறித்து, ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று, அதே திசையில் புகைப்படம் எடுத்துவைக்கிறார்கள். பத்தாண்டுப் படங்களை வரிசையாகப் பரப்பினால் புதர் வளர்ந்திருக்கிறதா, கரை சரிந்திருக்கிறதா என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். செலவு குறைவு, பொய் சொல்லாது.

அடுத்தது அளவுகோல். ஓடைக்கரையில் மேய்ந்தபின் மிஞ்சும் புல்லின் உயரம் பல திட்டங்களில் எழுதப்பட்டிருக்கும். புல் அந்த உயரத்துக்கு வந்துவிட்டால், தேதி மிச்சமிருந்தாலும் மந்தையை அடுத்த பகுதிக்கு ஓட்டிவிட வேண்டும். நிலத்தை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்துச் சுழற்சி முறையில் மேய்ப்பதும், ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதிக்கு முழு ஓய்வு கொடுப்பதும் வழக்கம். சேவல்கள் கூடி ஆடும் ஆடுகளம் இருக்கும் இடத்தில் இளவேனில் மாதங்களில் வேலையாட்களும் வண்டிகளும் விடியற்காலையில் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். மேட்டுநிலத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்தால் மாடு ஓடைக்கு வருவது குறையும். அந்தத் தொட்டிக்குள் ஒரு சிறு சரிவுத் தகடும் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் நீர் குடிக்க வந்த சிறு பறவைகள் உள்ளே விழுந்து ஏற வழியின்றி மூழ்கிவிடும்.

மரம் வெட்டுவதும் இதில் உண்டு என்றால் நம் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். காட்டுத்தீயை நீண்டகாலம் அடக்கிவைத்ததாலும் வேறு காரணங்களாலும் ஜூனிப்பர் மரங்கள் சேஜ் நிலத்துக்குள் பரவிவிட்டன. சேஜ் கிரவுஸ் மரங்களை விரும்புவதில்லை. மரக்கிளை அதற்கு எதிரியான கழுகுக்கும் காகத்துக்கும் இருக்கை. ஆரெகனில் நடந்த ஓர் ஆய்வில், நிலப்பரப்பில் 4 விழுக்காடு மரம் பரவினாலே ஆடுகளங்கள் கைவிடப்படுவது தெரிந்தது. பண்ணையாளருக்கும் மரம் போனால் புல் கூடும். இரு தரப்பும் முதலில் கைகோப்பது பெரும்பாலும் இந்த வேலையில்தான்.

பயத்தைத் தீர்க்கும் ஒப்பந்தம்

தன் நிலத்தில் ஓர் அரிய பறவை இருப்பதை அதிகாரியிடம் சொல்லப் பண்ணையாளர்கள் நீண்டகாலம் அஞ்சினார்கள். சொன்னால் நாளை கட்டுப்பாடு வரும். அதனால் தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தார்கள். 2010இல் சேஜ் கிரவுஸ் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கத் தகுதியானதுதான், ஆனால் அதைவிட அவசரமான உயிரினங்கள் இருப்பதால் இப்போதைக்கு ஒத்திவைக்கிறோம் என்று அரசு அறிவித்ததும் இந்த அச்சம் உச்சத்துக்குப் போனது.

அதற்குக் கண்ட வழி ஓர் உறுதிமொழி ஒப்பந்தம். பண்ணையாளர் தன் சொந்த நிலத்தில் பறவைக்கான வேலைகளை இப்போதே செய்ய ஒத்துக்கொள்வார். பின்னால் பறவை பட்டியலில் சேர்ந்துவிட்டாலும், ஒத்துக்கொண்டதற்கு மேல் புதிதாக எதையும் அவர் மீது சுமத்துவதில்லை என்று அரசு எழுதிக்கொடுக்கும். ஆரெகனின் ஹார்னி மாவட்டத்தில் 2014இல் இத்தகைய ஒப்பந்தத்தை மாவட்டம் முழுமைக்கும் கொண்டுவந்தார்கள். பண்ணையாளரோடு நேராகப் பேசியது மத்திய அரசு அதிகாரியன்று. உள்ளூர் மண், நீர்ப் பாதுகாப்பு அமைப்பு. தெரிந்த முகம் வந்து பேசியதால்தான் கதவு திறந்தது. ‘பறவைக்கு நல்லதே மந்தைக்கும் நல்லது’ என்ற வாக்கு அந்தப் பகுதிப் பண்ணையாளர்களிடமிருந்து கிளம்பி நாடு முழுவதும் பரவியது. வேளாண் துறையும் 2010 முதல் பணம் கொடுத்து உதவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் சேர்ந்தன. 2015 செப்டம்பரில், பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று அரசு முடிவு செய்தது.

அடுத்த ஆண்டு ஜனவரியில் இதே ஹார்னி மாவட்டத்திலுள்ள மால்ஹர் வனவுயிர்ப் புகலிடத்தை, அரசு நில நிர்வாகத்தை எதிர்த்து ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டம் கைப்பற்றி 41 நாள் வைத்திருந்தது. முன்நின்றவர்கள் வெளி மாநிலத்தவர்கள். உள்ளூர்க்காரர்கள் திரண்டு தங்களோடு சேருவார்கள் என்று அவர்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அந்தப் புகலிடத்தின் நீண்டகாலத் திட்டத்தையே 2013இல் பண்ணையாளர்களும் அதிகாரிகளும் சேர்ந்துதான் எழுதியிருந்தார்கள். குறைகள் அவர்களுக்கும் இருந்தன. அவற்றைச் சொல்ல ஒரு மேசையும் இருந்தது.

இன்னொரு குழுவையும் சொல்லாமல் விட மனமில்லை. அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களும் மெக்சிகோவும் சந்திக்கும் இடத்தில், 1994இல் பண்ணையாளர்களே முன்னின்று மால்பாய் எல்லைநிலக் குழுவைத் தொடங்கினார்கள். பரப்பு சுமார் எட்டு லட்சம் ஏக்கர். தனியார் நிலமும் பொது நிலமும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அவர்கள் நடத்திய ‘புல் வங்கி’ அருமையான யோசனை. மழை பொய்த்த ஆண்டில் ஒரு பண்ணையாளர் தன் மந்தையைக் குழுவோடு இணைந்த பெரிய பண்ணையின் புல்லில் மேய்க்கலாம். அதற்கு ஈடாக, தன் நிலத்தை ஒருபோதும் மனைகளாகப் பிரித்து விற்பதில்லை என்று சட்டப்படி எழுதிக்கொடுக்க வேண்டும். 1990களின் வறட்சியில் அங்கே ஒரு பண்ணைக் குடும்பம், அரியவகைத் தவளைகள் வாழ்ந்த குட்டை வற்றாமல் இருக்க லாரியில் தண்ணீர் சுமந்துவந்து ஊற்றியது. 1996இல் வார்னர் கிளென் என்ற பண்ணையாளர் மலையில் சிறுத்தை போன்ற ஒரு ஜாகுவாரை நேருக்கு நேர் சந்தித்தார். துப்பாக்கியை எடுக்காமல் கேமராவை எடுத்தார். படத்தை மறைக்காமல் வெளியிட்டார். தன் மேய்ச்சல் மலையில் ஜாகுவார் இருக்கிறது என்று ஒரு மாட்டுக்காரர் ஊரறியச் சொல்வதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

கூட்டுத் திட்டத்தால் முடியாதவை

இதை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். மக்களின் பொது நிலத்தைச் சந்தை விலையில் ஒரு சிறு பங்குக்கு மேய்ச்சலுக்குக் கொடுப்பது முதலில் சரியா என்று அவர்கள் கேட்கிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்னும்போது, சில இடங்களில் மேய்ச்சலையே நிறுத்த வேண்டும் என்ற தீர்வு மேசைக்கே வராது என்கிறார்கள். கூட்டம் நடக்கும் சிற்றூருக்கு வேலைநாளில் வந்து உட்கார முடியாத நகரவாசிக்கும் அந்த நிலத்தில் பங்கு உண்டு என்பதும் உண்மை. இவற்றை எளிதில் ஒதுக்க முடியாது. டிரவுட் கிரீக்கில் அந்த மேசைக்கு எல்லோரையும் வரவைத்ததே வழக்கு வரும் என்ற அச்சம்தான். சட்டத்தின் அழுத்தம் இல்லாத இடத்தில் கூடிப் பேசலாம் என்ற அழைப்புக்குப் பல நேரம் யாரும் வருவதில்லை.

அரசியலும் குறுக்கே வருகிறது. 2015இல் பறவைக்காக எழுதிய மத்திய நிலத் திட்டங்களை 2019இல் அடுத்த நிர்வாகம் தளர்த்தியது. அதே ஆண்டில் நீதிமன்றம் அந்தத் தளர்த்தலை நிறுத்திவைத்தது. பத்தாண்டு உழைப்பில் வளரும் புல்லுக்கு நான்காண்டுத் தேர்தல் கணக்கு ஒத்துவருவதில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து சீட்கிராஸ் என்ற அந்நியப் புல். யூரேசியாவிலிருந்து வந்தது. சீக்கிரமே முளைத்து, சீக்கிரமே காய்ந்து, தீக்கு எரிபொருளாகிறது. சேஜ் புதர் எரிந்தால் திரும்ப முளைத்து வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். சீட்கிராஸோ அடுத்த ஆண்டே அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2012இல் ஆரெகனில் எரிந்த லாங் டிரா தீ மட்டும் ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது. தீயணைப்பு வண்டி வந்துசேரும் முன் பல மணி நேரம் ஆகிவிடும் அந்த வெளிகளில், ஆரெகனிலும் ஐடஹோவிலும் பண்ணையாளர்கள் பயிற்சி பெற்றுத் தன்னார்வத் தீயணைப்புச் சங்கங்கள் நடத்துகிறார்கள். பறவையைக் காக்கும் வேலைகளில் இதையும் ஒன்றாக எண்ண வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பறவையின் எண்ணிக்கை நிம்மதி தருவதாக இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2021இல் வெளியிட்ட கணக்குப்படி, 1965இலிருந்து சேஜ் கிரவுஸ் 80 விழுக்காடு குறைந்துவிட்டது. 2002இலிருந்து மட்டும் ஏறக்குறைய பாதி. எண்ணெய்க் கிணறு, தீ, பயிர்நிலம், வறட்சி என்று காரணங்கள் பல. ஒரு பள்ளத்தாக்கில் நாலைந்து பண்ணைகள் சேர்ந்து ஓடையை மீட்கலாம். பதினொரு மாநிலங்களில் பரந்த ஒரு பறவையின் வீழ்ச்சியை அதனால் மட்டும் நிறுத்த முடியவில்லை.

இத்தகைய திட்டம் எங்கே கையில் கிடைத்தாலும், நான் முதலில் தேடிப் படிப்பது கடைசிப் பக்கங்களைத்தான். புல் குறித்த உயரத்துக்குக் கீழே போனால், பறவைக் கணக்கு தொடர்ந்து சரிந்தால், யார், எத்தனை நாளுக்குள், எதை மாற்ற வேண்டும் என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். அளந்து பார்ப்பதற்கான செலவை யார் ஏற்பது என்பதும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஆவணத்தில் எத்தனை கையெழுத்து இருந்தாலும் அதை நான் திட்டமாகக் கொள்வதில்லை.